குறட்டைக்குப் பூரண குணம்

"அத்தனை பேருக்குமா?" என்றாள் கணக்கம்மா.

மருத்துவ ஆராய்ச்சிகளின் புள்ளிவிவரத்தைச் சரிபார்ப்பது அவள் உத்தியோகம். ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

"அத்தனை பேருக்கும்!" டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "என் மாத்திரையைச் சாப்பிட்டதும் குறட்டை போயே போச்சு!"

"பாதிப் பேருக்கு மாத்திரைன்னு சொல்லி வெறும் சர்க்கரைதானே கொடுத்தோம்?"

"அவங்களுக்கும் போயிடுச்சும்மா! அப்போ நான் ரெண்டு மருந்து கண்டுபிடிச்சிருக்கேன்!"

கணக்கம்மாவுக்கு மயக்கம் வராத குறை. இந்த மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாருக்கும் 'குணம்' என்று எழுதித் தள்ளிவிட்டாரோ?

"நோயாளிங்க வீட்டுல யார் டாக்டர் விசாரிச்சது?"

"நானேதான். ஒவ்வொருத்தர் மனைவியையும் எதிர்ல உட்கார வெச்சு, 'குறட்டை நின்னுச்சா?'ன்னு கேட்டேன்."

"நீங்க கேட்டிருக்கவே கூடாது. யாருக்கு மாத்திரை, யாருக்குச் சர்க்கரைன்னு தெரியாத மூணாம் மனுஷர் கேட்டிருக்கணும்."

டாக்டரின் முகம் சிவந்தது. "அப்போ நான் பொய் சொல்றேங்கறியா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வராந்தா நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. பக்கத்தில் அவர் மனைவி, கையில் பூங்கொத்தோடு.

"யாரைப் பார்க்கணும்க்கா?"

"டாக்டரைத்தான். நன்றி சொல்ல வந்தோம். இவருக்குக் குறட்டை பூரண குணமாயிடுச்சு."

"அப்போ இது என்ன சத்தம்?"

"குறட்டைதான்" என்றாள் அந்த அம்மாள், கொஞ்சமும் கூசாமல்.

பிடித்துவிட்டேன் என்று நினைத்தாள் கணக்கம்மா. "குணமாயிடுச்சுன்னு டாக்டர்தானே சொல்லச் சொன்னார்?"

"ஐயையோ, அவர் தங்கமான மனுஷன்!" அந்த அம்மாள் அவளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "முதல் ஆளா உள்ளே போனது நான்தான். 'நிக்கலை டாக்டர்'னு உள்ளதைச் சொன்னேன். பாவம், முகம் சுண்டிப் போச்சு. கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிறார், தொடைக்கிறார், தொடைச்சுக்கிட்டே இருக்கார். எனக்கு மனசு கேக்கலை. 'நேத்து மட்டும் சுத்தமா இல்லை'ன்னு சொல்லிவெச்சேன். உடனே குழந்தை மாதிரி சிரிச்சார் பாருங்க!"

"மத்தவங்க?"

"வெளியே வந்ததும் காத்திருந்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் கேட்டா யாரும் குறட்டை நிக்கலைன்னு சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்னு. ஒருத்தர்கூட வார்த்தை தவறலை."

கணக்கம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! எழுந்து அவர் அறைப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா" என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்தது நெஞ்சுவலிக்கு மாத்திரை கண்டுபிடிக்கிறாராமே? அந்த வார்டுலயும் சொல்லிவெச்சாச்சு. எவ்வளவு வலிச்சாலும் யாரும் வெளியே காட்டிக்க மாட்டாங்க!"