பரீட்சை வாசல்

"வாசல் வரைக்கும் வர வேணாம்ப்பா. இங்கனயே எறக்கி விட்டுருங்க."

கல்லூரி இன்னும் கூப்பிடு தூரத்தில் இருக்கையிலேயே பவதாரிணி இப்படிச் சொல்ல, வீரணன் தன் பழைய எக்ஸெல் வண்டியை ஓரங்கட்டினார். வாடிப்பட்டியிலிருந்து இம்புட்டுத் தூரம் மகளை வெயிலில் உட்கார்த்தி ஓட்டி வந்த மனுசனுக்கு முகம் செத்துப்போச்சு.

முன்னால் ஒரு கார் நின்றது. மடிப்புக் கலையாத சட்டைக்காரர் ஒருவர் தன் மகனுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பினார். வீரணன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டார். சென்ட்ரிங் வேலைக்காரருக்கு நல்ல சட்டை என்று இருப்பதே ஒன்றுதான். அதிலும் பையோரம் சிமெண்ட் கறை.

'நம்மளப் பக்கத்துல நிறுத்திக்கிற பிள்ளைக்கு வெக்கமா இருக்கு.' நினைத்துக்கொண்டே அந்தக் கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

இந்த ஒரு வருசமா அந்த வீடு பட்ட பாட்டைக் கேட்டால் நீங்களே உச்சுக்கொட்டுவீர்கள். பெரிய பெரிய எம்.பி.ஏ. காலேஜ்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நுழைவுத் தேர்வாம். அதற்காக ஞாயிறு தவறாமல் விளாங்குடிக்குக் கோச்சிங் போனாள் பவதாரிணி. வீட்டில் மாதிரித் தேர்வு எழுத உட்கார்ந்தால் நாற்பது நாற்பது நிமிசமாக மூன்று பகுதி. அந்த ரெண்டு மணி நேரமும் அவள் அம்மா கனகா மிக்சியைத் தொட மாட்டாள். வீரணனுக்கு இருமல் வந்தால் தெருமுனைக்குப் போய் இருமிவிட்டு வருவார். அம்மாடி, அப்படி ஒரு அடக்கம்!

போன வாரம் அவள் கோச்சிங் சாரிடம் போனில் பேசியதும் இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. "சார், செக்கிங்ல நகை எல்லாத்தையும் கண்டிப்பாக் கழட்டணுமா? ஒண்ணுகூடப் போட்டுக்கிற முடியாதா?" ரெண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கேள்வி.

காதில் கிடப்பது பொட்டுத் தோடு. அதைத் தவிர கழட்டுவதற்கு என்ன இருக்கிறது? மற்ற பிள்ளைகள் செயினும் வளையலுமாகக் கழட்டும்போது ஒன்றுமில்லாமல் நிற்கக் கூசுகிறாள், வேறென்ன! இருபத்து மூணு வயசுப் பிள்ளைக்குக் கால் பவுன் எடுத்துப் போட வக்கில்லாத அப்பன்.

"ஹால் டிக்கெட் எடுத்துக்கிட்டியாத்தா?"

"எடுத்துக்கிட்டேன். நீங்க கெளம்புங்க. முடிஞ்சதும் பஸ்ல வந்துர்றேன்."

"வேணாம்த்தா, நான் இங்கனயே ஓரமா…"

"கெளம்புங்கப்பா!" முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

போயிருக்கலாம். ஆனால் பெத்த மனசு கேட்கணுமே! வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் போய், வாசலுக்கு எதிர்த்த டீக்கடைப் படுதா மறைவில் நின்றார். சொந்த மகளைக் களவாணி மாதிரி ஒளிஞ்சு பார்க்க வேண்டியிருக்கே என்று உடம்பே குன்றிப்போனது.

வாசலில் பெண்களுக்குத் தனியாகத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். காவல்கார அம்மா சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "போன், வாட்ச், நகை எதுவும் உள்ள போகக் கூடாது. கூட வந்தவங்ககிட்டக் குடுத்துருங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல கேட்ட அடைச்சிருவாங்க!"

பவதாரிணி தோட்டைக் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாள்.

"கூட யாரும் வரலையாம்மா? அப்ப வெளிய எங்கயாச்சும் வச்சுட்டு வா. காணாமப் போனா நாங்க பொறுப்பில்ல."

இதற்கு மேல் வீரணனால் பொறுக்க முடியவில்லை. ரோட்டைத் தாண்டி ஓடினார். "நான் இருக்கேன்த்தா! எங்கிட்டக் குடு!"

அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப்போனது. "நீங்க இன்னும் போகலையாப்பா?"

வீரணன் கையைக் கட்டுவதுபோல் கறையை மறைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கோவிச்சுக்காதத்தா. அப்பன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கேட்டா வண்டிக்காரருன்னு சொல்லிரு. நீ போயி நல்லா எழுது, அது போதும்."

பவதாரிணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. "அய்யோ, என்னப்பா பேசுறீங்க! ஒங்களப் பாத்து நான் வெக்கப்படுவேனா? என்னைய நெனச்சாத்தாம்ப்பா எனக்கு வெக்கமா இருக்கு."

"பரீட்சைப் பயம்த்தா அது. ஒண்ணுமில்ல, போ."

"வாம்மா சீக்கிரம், நேரமாச்சு!" என்று காவல்கார அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பவதாரிணி தோட்டை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே துணி மறைப்புக்குள் போனாள்.

வீரணனுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் இறங்கிய மாதிரி இருந்தது. பிள்ளைக்கு நம்மளால வெக்கமில்ல! அடச்சே, என்னத்த எல்லாம் நெனச்சுப்புட்டோம்! தோட்டைப் பத்திரமாகப் பைக்குள் போட்டார். கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு, வாசலோரம் நின்ற அந்த மடிப்புக் கலையாத சட்டைக்காரருக்குப் பக்கத்திலேயே போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"இப்ப உள்ள போச்சே, அது எம் மகதான் சார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. எதையும் எங்ககிட்ட மறைக்காது."

"அப்படியா, சந்தோசம்ணே" என்று அவரும் சிரித்தார்.

அப்போதுதான் துணி மறைப்புக்குள்ளிருந்து காவல்கார அம்மாவின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

"அட, தாலிய எதுக்கும்மா கழட்டுற? அதுக்குத் தடையில்ல, போட்டுக்கிட்டே போ!"