நண்டுக்கு வளைகாப்பு

நண்டின் காலில் அவளுடைய சேலை இருந்தது.

விரல் நீளக் கிழிசல். வெந்து சிவந்த ஓட்டோடு ஈரமாக ஒட்டிக் கிடந்தது. பச்சைக் கரை. அவளுடைய பழைய சேலையின் கரை.

முடிச்சும் தெரிந்த முடிச்சுதான். வலையில் ஓட்டை விழுந்தால் அவள் புருஷன் போடுகிற அதே முடிச்சு.

நண்டு உடைக்கும் கொட்டகை. மேசையைச் சுற்றிப் பெண்கள். அவித்த நண்டு கூடை கூடையாக வந்து விழும். ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்துத் தட்டில் வைக்க வேண்டும். சதை கப்பலேறிப் போகும். ஓடு இங்கேயே கிடந்து நாறும்.

அவள் நண்டைப் புரட்டினாள்.

வயிற்றில் சினை. கொத்தாக, வெந்த ரவை போல.

யாரும் பார்ப்பதற்குள் கிழிசலை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கடலில் ஒன்றும் இல்லை. எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே இன்னும் சின்னக் கண் வலையாகப் பார்த்து வாங்குகிறார்கள். அவள் புருஷன் மட்டும் சினை நண்டு சிக்கினால் திரும்பக் கடலில் விடுகிறான். விடும்போது காலில் கரைத் துணி கட்டுகிறான். மறுபடி வந்தால் தெரிய வேண்டுமே.

ஒன்றுகூட அவன் வலைக்குத் திரும்பியதில்லை. எல்லாம் பிழைத்துக் குஞ்சு பொரித்துவிட்டன என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையும் பாதிக் கூடையுமாகத்தான் கரையேறுகிறான். அவள் அரிசிக்கு அக்கம்பக்கத்தில் கை நீட்டுகிறாள்.

எதிரே இருந்த முத்துராக்கு அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏன்டி, ஒம் புருசன் நண்டுக்கெல்லாம் வளைகாப்புப் போடுறானாமே. எங்களுக்குச் சோறு உண்டா?"

மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சினையை வழித்துக் குப்பையில் போட்டாள்.

வீடு திரும்பும்போது கடல் பக்கம் பார்க்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். நீ விட்டதை அடுத்த வள்ளம் அள்ளிக்கொள்கிறது. நாமே விற்றிருந்தால் நம் வயிறாவது நிறைந்திருக்கும். சொல்லப்போவதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவன் வாசலில் வலையை உதறிக்கொண்டிருந்தான். பாசி. ஒரு ரப்பர் செருப்பு. உள்ளங்கைக்குள் அடங்குகிற நண்டுகள் கொஞ்சம்.

"இன்னைக்கும் நம்ம நண்டு ஒண்ணும் திரும்பல" என்றான்.

முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

கட்டுவதற்குத் துணி தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் கிழித்துத் தா என்று கேட்டான்.

வாய்க்குள் இருந்தது வெளியே வரவில்லை. இடுப்பிலிருந்து அந்தக் கிழிசலை எடுத்து நீட்டினாள்.

அவன் அதை விரலில் விரித்துப் பார்த்தான்.

"சாயம் போயிருக்கே."

"துவைச்சேன்."

துணியை மூக்கருகே கொண்டுபோனான்.

அவித்த நண்டின் வாசம் அத்தனை சீக்கிரம் போகாது.

பிறகு அதை மடித்து வாசற்படியில் வைத்துவிட்டு மறுபடி வலையை உதறினான்.

விடிகாலையில் அவள் கண் விழித்தபோது வள்ளம் போயிருந்தது. துணியையும் எடுத்துப் போயிருந்தான்.

அவள் முகம் கழுவிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினாள்.