பாட்டில் இல்லாத பல்லி

என் சத்தத்தைக் காதில் வாங்கித்தான் எல்லோரும் பாடுவார்கள். பாட்டில் மட்டும் நான் இருக்க மாட்டேன். நான் யார்? விடை தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு கதையைக் கேளுங்கள்.

ஒரு மைனா, முன்பின் பார்த்திராத நாற்பது பேரிடம் இணையம் வழியாகக் குரல்களை வாங்கி, போனில் அடுக்கிப் பாட்டாக்கப் பார்த்தது. தவளை முந்தியது, அணில் பிந்தியது, எதுவும் ஒட்டவில்லை.

மைனா சுவரில் இருந்த பல்லியிடம் வந்தது. "அக்கா, நாலு நிமிஷம் ஒரே சீராச் சத்தம் போடுங்க. எல்லாரும் அதைக் காதுல வச்சுக்கிட்டு மறுபடி பாடட்டும்."

பல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் சத்தத்தில் சகுனம் பார்த்தவர்கள்தான் உண்டு. பாட்டுக்கு யாரும் கேட்டதில்லை. மூக்கருகே வந்த ஈசலையும் விட்டுவிட்டு நாலு நிமிடமும் 'இச், இச்' என்றது. "பாட்டில் அம்மா குரல் வரும், பாரு" என்று குட்டியிடம் சொல்லிவைத்தது.

பாட்டு முடிந்து மைனா போட்டுக் காட்டியது. நாற்பது குரலும் கைகோத்து நடந்தன. பல்லியின் குரல் இல்லை.

"என் சத்தம் எங்கே தம்பி?"

"அது அளவுக்குத்தானே அக்கா! சட்டை தைச்ச பிறகு அளவு டேப்பையும் சேர்த்தா மாட்டிக்குவாங்க? இன்னைக்கு அழிச்சிடுவேன்."

"அழிக்கும் முன்னே ஒரு தடவை போடு. என் குட்டி கேட்கட்டும்."

"சார்ஜ் நாலு நிமிஷம்தான் தாங்கும். பாப்பா, அம்மா சத்தமா, பாட்டா?"

குட்டி பாட்டையே மறுபடியும் போடச் சொன்னது.