ஐந்து மணிக்குள் வர வேண்டிய படங்கள்

பாலத்தின் வரைபடங்கள் ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால், கட்டும் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். படங்களோ அவற்றை வரைந்தவளின் வீட்டுக் கணினியில் கிடந்தன. அலுவலகத்திலிருந்தே அதற்குள் நுழைந்து கோப்புகளை எடுக்க உதவும் மென்பொருளை, அவள் ஃபோனில் சொல்லச் சொல்ல, வீட்டிலிருந்த தம்பி அதில் நிறுவினான். தலைகீழாக நின்று பார்த்தும் இணைப்பு கிடைக்கவில்லை. அவன் சலித்துப்போய் ஃபோனை வைத்துவிட்டான்.

"உன் வித்தையை நம்பினா நடுத்தெருவுலதாம்மா நிக்கணும்," என்றார் மேலாளர்.

அவள் விடவில்லை. வெளி இணைப்புகளைத் தடுக்கும் அலுவலக ஃபயர்வாலில் ஒரு வழியைத் திறந்துவிட்டு, மறுபடி கடவுச்சொல்லைத் தட்டினாள். இணைப்பு கிடைத்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஒரு கோடுகூடப் பிசகவில்லை. மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

அவள் தம்பியை அழைத்தாள். "டேய், ஜெயிச்சிட்டோம்டா! படமெல்லாம் வந்துக்கிட்டிருக்கு!"

"எங்கிருந்துக்கா வருது? நீ திட்டுவியேன்னு கம்ப்யூட்டரையே கழட்டித் தூக்கிக்கிட்டு பஸ்ல வர்றேன். வயரெல்லாம் பைக்குள்ள இருக்கு. பெட்டி என் மடியில." அவன் கொஞ்சம் தயங்கினான். "இப்பதான்க்கா, திடீர்னு மடி சுடுது."

அவள் திரையைப் பார்த்தாள். கடைசிப் படம் பாதிக்கு மேல் வந்திருந்தது.

"ஆட்டாம பிடிச்சுக்கடா, கண்ணு," என்றாள். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி."