விடை அடுத்த வாரம்

சதுரங்க வீரர் சூசைநாதன் பத்திரிகையில் கடைசியாக எழுதிய புதிர் இது: "வெள்ளை எப்படித் தப்பிக்கும்? விடை அடுத்த வாரம்." அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், சிங்கப்பூர் புக்கிட் மேரா வீட்டில் நண்பர்கள் அவர் மனைவி அல்போன்சம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, ஒரு மாசமா மண்டை காயுதுலா. விடையை எங்கயாவது எழுதி வச்சிருக்காரா?" என்றார் துரைசாமி.

"அவருக்கே தெரியாதுலா. நீங்க யாராவது எழுதி அனுப்புவீங்கன்னுதான் ஈமெயிலைப் பாத்துக்கிட்டே இருந்தாரு."

"அப்படின்னா அது எந்த கிராண்ட்மாஸ்டர் ஆட்டம்?"

அல்போன்சம்மாள் சாப்பாட்டு மேசை மூலையில் மூடியிருந்த துணியை விலக்கினார். புதிரில் இருந்த காய்கள் அப்படியே பலகையில் நின்றன.

"கறுப்பு என்னோடது. அவர் எடத்துல யாரு உக்கார்றீங்க?"

துரைசாமிக்குத் தெம்பனிஸ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.