ஊது, பாப்போம்

வேலை முடிந்து வரும் வழியில் ரசலையா அண்ணாச்சி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதிக் காட்டிவிட்டுத்தான் வேதமணி தன் வீட்டுக்குப் போவான். அண்ணாச்சியும் ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவர்தான். சர்ச்சில் ஆண்கள் ஐக்கியத்தில் இவனைப் பிடித்துக்கொண்டவர், பைபிள் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. “எங்க, ஊது பாப்போம்” என்பார். கண்ணை மூடி மோந்து பார்ப்பார். “சரிலே, போய்ப் பிள்ளையளோட உக்காந்து சாப்பிடு.” வேதமணி குடியைத் தொடாமல் இருந்த நாலு வருஷமும் அந்த மூக்குக்குப் பயந்துதான் ஓடியது. இன்று காலையில் அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார் என்று ஆள் வந்து சொன்னபோது வேதமணிக்கு அழுகை வரவில்லை. நேராகப் பிராந்திக் கடைக்குப் போனான்.

சாயங்காலம், “முத்தம் கொடுக்கிறவங்க கொடுத்திருங்க, பெட்டிய மூடணும்” என்றார் போதகர். வேதமணி தள்ளாடிக்கொண்டு வந்து சவப்பெட்டிமேல் குனிந்தான். முத்தமிடத்தான் வருகிறான் என்று எல்லோரும் விலகி நின்றார்கள். சென்ட் வாடை தூக்கலாக அடித்தது. அண்ணாச்சி எப்போதும்போல் கண்ணை மூடியிருந்தார். மூக்கை மட்டும் பஞ்சு வைத்து அடைத்திருந்தார்கள். வேதமணி அந்தப் பஞ்சை இரண்டு பக்கமும் உருவி எடுத்தான். “ஏலே, என்ன செய்யுத?” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவன் அண்ணாச்சியின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து, நெஞ்சு காலியாகும்வரை ஊதினான். பிறகு, அவர் போகச் சொல்ல வேண்டுமே என்று குனிந்தபடியே நின்றான்.