கை நனைக்க வந்த வீடு

“எனக்குக் காரமில்லாம, ஆறவச்ச சோறா தனியா வைங்க.”

மாப்பிள்ளை வீட்டில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வழியெல்லாம் கெஞ்சியிருந்தாள். இங்கே கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானதாக அர்த்தம். எனக்கு ரோசேசியா என்ற தோல் நோய். கொதிக்கும் கோழிக்குழம்பு ஒரு வாய் போதும். கன்னமும் மூக்கும் சிவந்து நாலு நாள் எரியும்.

“டிகிரி படிச்ச நாக்குக்கு எங்க குழம்பு ஆகாதோ?” மாப்பிள்ளையின் அத்தை சிரித்தபடியே என் இலையில் ஊற்றினாள். எதிரே மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். இனி மூன்று வேளையும் இதே குழம்பு, இதே சிரிப்பு என்று நினைத்ததுமே, ஒரு பருக்கைகூட உண்ணாமல் முகம் எரியத் தொடங்கியது.

“பொண்ணுக்கு வெக்கத்தப் பாருங்கடி!” என் சிவந்த கன்னத்தை மற்ற பெண்களுக்குக் காட்டினாள் அத்தை.

இலையை மூடினேன். அம்மா எழுவதற்குள் படியிறங்கிவிட்டேன்.